மாலைக்குள் பதில் இல்லையென்றால்

அப்பு,

இந்தக் கடிதத்துக்கு அடியில் ஏழு வருஷத்துக்கு முந்தைய உன் மெயில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எதையோ அமுக்கி எதற்கோ பதில் போட்டுவிட்டாள் என்று நினைத்துவிடாதே. தெரிந்துதான் செய்தேன். அந்தப் பழைய மெயிலைத் தேடி எடுத்து, அதன் பதில் பொத்தானை அமுக்கி, அதற்குள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன். ஏலக்காய் யாவாரிகளுக்கு வருஷக்கணக்கில் நிற்காமல் எழுதிய கை, உனக்கு எழுத உட்கார்ந்தால் நாலாவது வரியிலேயே நின்றுவிடுகிறது. விட்டுவிட்டு எழுதுவதால் சொன்னதையே திரும்பவும் சொல்லியிருப்பேன். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

போன மழைக்காலத்திலிருந்து தொடங்குகிறேன். என் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது, இனி எந்தக் கடிதமும் வந்து சேராது என்று திரையில் சிவப்பாக எழுதி வந்ததும் உனக்குத்தான் போன் செய்தேன். "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா, சுகந்தியக் கேளுங்க, அது அவ சோலி" என்று உன் மனைவியின் கையில் போனைக் கொடுத்துவிட்டு நீ நகர்ந்துவிட்டாய். உங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். அதுவரை நானும் அவளும் பேசியதெல்லாம் "நல்லாருக்கியா", "நல்லாருக்கேன்" அவ்வளவுதான். நீ டப்ளினிலிருந்து போடிக்கு இரண்டு முறை வந்தாய், இரண்டு முறையும் தனியாக வந்தாய். அவள் வந்த சமயத்தில் மேலே குரங்கணியில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டாள். அவளைக் கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. அன்றைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, மாமியாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், "மொத்தம் எத்தன மெயில் இருக்கும் அத்தே?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஏலக்காய்க் கடையை மூடி ஒரு வருஷமாகிறது, உன் அப்பா இறந்துபோனதிலிருந்து நான் அதை நடத்தியது முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது என்று சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர்க் கடைக்காரர் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடச் சொன்னார். சுகந்திதான் வேண்டாம் என்றாள். "மொத்தத்தையும் ஒரே கோப்பா எறக்கி உங்க கம்ப்யூட்டர்ல வச்சுக்கலாம் அத்தே. பெறகு பைத்தான்ல நாலு வரி எழுதுனா நாம கேக்குற கேள்விக்கெல்லாம் அது பதில் சொல்லும்." குரங்கணிக் காட்டில் மலைப்பாம்பு படுத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த பெண், அதன் பெயரையே கம்ப்யூட்டர் பாஷைக்கு வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளிலிருந்து, இங்கே நான் மதியம் சாப்பிட்டு முடித்து உட்காரவும், அங்கே அவள் வேலைக்கு உட்காரும் முன் காப்பிக் கோப்பையோடு வரவும் சரியாக இருந்தது. பில் போட வாங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டரில், அவள் போனில் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். நாலு இடம் தள்ளி எழுத வேண்டியதை மூன்று இடம் தள்ளினால் கோபித்துக்கொண்டு நின்றுவிடுகிற பாஷை அது. ரகம் பிரிக்கிற பெண்களிடம் நான் எவ்வளவு கறாராக இருந்தேனோ, அதற்கு ஒரு படி மேலே இருந்தது. "சாரமில்ல அத்தே, இன்னொருக்கா அடிங்க" என்பாள். பரவாயில்லை என்பதை மலையில் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த வார்த்தைக்காகவே சில நாள் தப்பாக அடித்திருக்கிறேன்.

முதலில் விளையாட்டாகத்தான் கேள்வி கேட்டோம். எனக்கு அதிகமாக எழுதியது யார்? வடக்கே ஒரு யாவாரி. நான் அதிகமாக எழுதிய சொல் எது? ரகம். அப்புறம், யாருக்கு எவ்வளவு நேரத்தில் பதில் போட்டிருக்கிறேன், யார் எனக்கு எவ்வளவு நேரத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தோம். அதில் உன் பெயருக்கு நேராக, நான் எழுதுவதற்கு முன்பே நீ பதில் அனுப்பிவிட்டதாகக் காட்டியது. எவ்வளவு பாசமான பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று சொன்னேன். சுகந்தி, "அயர்லாந்து நேரமும் நம்ம நேரமும் வேற அத்தே, அத ஒண்ணாக்கணும்" என்று இரண்டு வரி சொன்னாள். அதைச் சேர்த்ததும் கணக்கு நேராகிவிட்டது. யாவாரிகளுக்கு நான் சில நிமிஷத்தில் எழுதியிருந்தேன். உனக்கு இரண்டு நாள், மூன்று நாள். நீயும் ஆரம்பத்தில் அன்றன்றைக்கே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். ஒரு குறிப்பிட்ட மாசத்துக்குப் பிறகு திடீரென்று உன் கடிதங்கள் நாலு சொல்லாகச் சுருங்கிவிட்டன. 'நலம். உடம்பைப் பாத்துக்கோங்க.' எந்த மாசம் என்று பார்த்தேன். நீ கல்யாணம் செய்துகொண்ட மாசம். பெண்டாட்டி வந்ததும் அம்மா சுருங்கிப்போனாள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். போனின் அந்தப் பக்கம் இருந்தவளிடம் சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். அந்த மெயில் பெட்டியை எனக்குத் திறந்து கொடுத்தவன் நீ. அப்பா போய் நாலு மாசம், நீ காலேஜில் முதல் வருஷம், லீவுக்கு வந்திருந்தாய். மலையிலிருந்து வருகிற காயை வாங்கி, ரகம் பிரித்து, மாதிரியையும் விலையையும் வடக்கே அனுப்பிவிட்டு யாவாரிகளின் பதிலுக்காக நான் போன் பக்கத்திலேயே தவம் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "எழுதிப் போட்டுட்டு ஒங்க வேலையப் பாருங்கம்மா" என்றாய். ஆனால் அவர்கள் பதில் எழுதாவிட்டால் லோடை ஏற்றுவதா வேண்டாமா? அப்பா காலத்திலிருந்தே நம் கடையில் ஒரு நடைமுறை உண்டு. விலை பிடிக்கவில்லை என்றால்தான் யாவாரி கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் சம்மதம், லாரி கிளம்பும். அதையே நான் சொல்ல, நீ இங்கிலீஷில் அடித்து, நான் எழுதுகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும் தானாகவே வந்து நிற்கிற மாதிரி அமைத்துக் கொடுத்தாய்: மாலைக்குள் பதில் இல்லையென்றால் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும். அந்த ஒரு வரியை நம்பித்தான் இத்தனை வருஷம் கடை ஓடியது. உனக்கு நான் எழுதிய கடிதங்களுக்கு அடியிலும் அது நின்றது. மகனுக்கு எதற்கு அந்த வரி என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் நீ எழுதியது கீழே இருக்கிறது, ஆனாலும் என் கையால் ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். "அம்மா, சுகந்தி நம்ம ஆளுக இல்ல. அவ அப்பா குரங்கணிக்கு மேல எஸ்டேட்ல கங்காணி. போன்ல கேட்டா எனக்காக சரின்னு சொல்லிருவீங்க, அதனால எழுதுறேன். யோசிச்சு எழுதுங்க. உங்களுக்கு இஷ்டம்னா ஒரே ஒரு வரி போதும், போடிக்கு வந்து உங்க முன்னாடி தாலி கட்டுறோம். இல்லேன்னா இங்கயே பதிவு பண்ணிக்கிறோம். உங்களச் சங்கடப்படுத்த மாட்டோம்." படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு பகல் முழுவதும் யாரோடும் பேசவில்லை. ரகம் பிரிக்கிற பெண்கள்கூட என்னக்கா என்று கேட்டார்கள். மறுநாள், அந்த மெயிலோடு நீ அனுப்பியிருந்த உங்கள் இரண்டு பேர் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். பையன் முகத்தில் இவ்வளவு சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் என்று தோன்றியதும் கோபம் போய்விட்டது. அன்றைக்கே வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொன்னேன். என்ன விசேசம் என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றேன். மறுப்பு இல்லை, அதனால் பதிலும் இல்லை. தேதி குறித்துவிட்டு நீயே கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன்.

அடுத்து வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீ போன் செய்தாய். "சாப்பிட்டீங்களாம்மா" என்றாய். சாப்பிட்டேன் என்றேன். நீ கல்யாணப் பேச்சை எடுப்பாய் என்று நான் காத்திருந்தேன். நான் எடுப்பேன் என்று நீ காத்திருந்திருக்கிறாய். மழை பெய்யுதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். மூன்றாவது வாரம் அங்கே பதிவு அலுவலகத்தின் முன்னால் நீங்கள் இரண்டு பேரும் நிற்கிற படம் வந்தது. புதுச் சுண்ணாம்பு வாசம் போகாத வீட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். அன்றைக்கு நான் அழுத அழுகை உங்கள் அப்பா போனபோது அழுததற்குக் குறைந்ததில்லை. அதன் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் மகன் கல்யாணத்துக்கு என்னயவே கூப்பிடல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிலமலையில் உன் பெரியப்பா வீட்டு விசேசத்தில் பந்தியில் உட்கார்ந்தே சொல்லியிருக்கிறேன். ஏழு வருஷமாக உன்மேல் இந்தப் பழி இருக்கிறது, அதைப் போட்டவள் நான்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். சுகந்தி புதிதாக ஒன்று சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு மெயிலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் உண்டாம். அதற்குப் பதில் எழுதினால், பதிலின் தலைப்பில் அந்த அடையாளமும் கூடவே போகுமாம். இரண்டையும் ஒத்துப் பார்த்தால் எந்தக் கடிதத்துக்குப் பதில் போனது, எதற்குப் போகவில்லை என்று தெரிந்துவிடும். அவள் வேலைக்குப் போன பிறகு நானாகவே எழுதிப் பார்த்தேன். நீ கேள்வி கேட்டு எழுதிய மெயில்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் பதிலின் தேதியைப் போடச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தேதி வந்தது. இரண்டே இரண்டு வரியில் மட்டும் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஏதுமில்லை என்று வந்தது. உனக்குப் பதில் சொல்லாமல் விட்டதே இல்லை என்ற நினைப்பில், நான் எழுதிய நிரலைத்தான் சந்தேகப்பட்டேன். வரி வரியாகச் சரிபார்த்தேன். பிறகு அந்தப் பட்டியலைப் படம் பிடித்து, 'எங்கே தப்பு பண்ணியிருக்கேன், பாரு' என்று சுகந்திக்கு அனுப்பினேன்.

வழக்கமாக உடனே பதில் சொல்கிறவள், மறுநாள் மதியம்தான் கூப்பிட்டாள். "தப்பு ஒண்ணுமில்ல அத்தே. சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அந்த ரெண்டுல மேல இருக்கிறது எங்க கல்யாண மெயிலு, அதுக்குப் பதில் வரல. நாங்க பதினெட்டு நாள் பாத்துக்கிட்டே இருந்தோம்" என்றாள்.

"அதுக்கு எதுக்குத்தா பதிலு? வேணாம்னாத்தான எழுதணும்?" என்று கேட்டேன்.

"நீங்க வேணாம்னுதான சும்மா இருந்தீங்க?"

"வேணாம்னா எழுதியிருப்பேனே! வீட்டுக்கு வெள்ள அடிச்சு வச்சிட்டு உக்காந்திருந்தேனே!"

அவள் அழுதாள். நானும் அழுதேன். கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பட்டியல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் அடங்கிய பிறகு அவள் சொன்னாள்: "நான் அப்பவே அவருகிட்டச் சொன்னேன் அத்தே. உங்க அம்மா மெயிலுக்கு அடியில எழுதியிருக்கே, பதில் இல்லேன்னா சம்மதம்னு, ஒருவேள அப்படியிருக்குமோன்னு கேட்டேன். அவரு ஒத்துக்கல. 'அது யாவாரிகளுக்கு. நான் மகன்'னு சொல்லிட்டாரு." அப்பு, நீ சொன்னது முழுக்கச் சரி.

கடை வழக்கத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். மூன்று நாளாக அப்படித்தான் எழுதி எழுதி அழித்தேன். ஆனால் உண்மை அது மட்டும் இல்லை. யாவாரத்தில் வாய் திறந்து சரி என்று சொல்லாமல் இருப்பதில் ஒரு வசதி உண்டு. பின்னால் ஏதாவது ஆனால், நான் எங்கே சரி என்றேன் என்று கையை விரித்துவிடலாம். உனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தால் உன் பெரியப்பா முன்னால் நான் அதைச் சொல்லி நின்றிருக்க வேண்டும். எழுதாமல் இருந்தால், பையன் செய்துகொண்டான், நான் என்ன செய்ய என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் நடக்கவும் வேண்டும், நான் சொன்னதாகவும் இருக்கக் கூடாது. வெள்ளை அடித்துவிட்டு 'சும்மாதான்' என்று சொன்னேனே, அது அந்தப் பயம்தான். நான் கோழையாக இருந்தேன். அதற்கான விலையை நீயும் அந்தப் பெண்ணும் கொடுத்தீர்கள்.

நீங்கள் மட்டும் இல்லை. அந்தப் பதினெட்டு நாளில் சுகந்தியின் அப்பா நம் கடைக்கு வந்திருக்கிறார். உனக்கே இது தெரியாது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். அவள் சொன்னதும் எனக்கு அந்த ஆள் நினைவுக்கு வந்துவிட்டார். போடி வெயிலில் ஸ்வெட்டரோடு நின்றவர். காலை ஜீப்பில் மலையிலிருந்து இறங்கினவர், கழற்றக்கூடத் தோன்றாமல் தராசு பக்கத்தில் ஒதுங்கி நின்றார். "ஆத்தா, ஒரு சேதி பேசணும்" என்றார். யார், எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. ஏலக்காய் ஏலம் நடக்கிற நாள், மூட்டைகள் கிளம்பிக்கொண்டிருந்தன. "இன்னைக்கு முடியாதுண்ணே, பெறகு வாங்க" என்று நிமிர்ந்து பார்க்காமலே சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். இன்னாருடைய அப்பா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தானாக முந்திக்கொண்டு சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். பெண்ணைப் பெற்றவரை நான் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றுதான் சுகந்தி இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாளாம். நாலு வருஷத்துக்கு முன் அவர் இறந்துபோனதாக நீ போனில் சொன்னபோது, அடப் பாவமே என்று சொன்னேன். துக்கம் கேட்கப் போகவில்லை.

நேற்றுக் காலை ஜீப் ஏறிக் குரங்கணிக்குப் போய்வந்தேன். சுகந்தியின் அம்மா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவரு உங்களக் கொறையா ஒண்ணும் சொல்லல மதினி. அந்தம்மாவுக்குச் சோலி சாஸ்தி, மொகத்தப் பாக்கக்கூட நேரமில்லன்னு மட்டும் சொன்னாரு. சாரமில்ல, காப்பி குடிங்க" என்றார். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சுவரில் அவருடைய படம் மாட்டியிருக்கிறது. அதிலும் ஸ்வெட்டர்தான் போட்டிருக்கிறார். அந்தப் படத்தின் முன்னால் நின்று, வாங்க சம்பந்தி, உக்காருங்க என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, நீயே சொல்.

பட்டியலில் பதில் இல்லாத வரி இரண்டு என்றேன் அல்லவா? இரண்டாவது, நீ பத்து நாள் முன்னால் எழுதியது. 'அடுத்த மாசம் ரெண்டு வாரம் வர்றோம்மா. குரங்கணியில தங்குவோம். ஒரு நாள் போடிக்கு வந்து உங்களப் பாக்கலாமா?' இதையும் நான் படித்தேன். பிள்ளை அம்மாவைப் பார்க்க வருவதற்கு என்ன பதில் வேண்டிக் கிடக்கிறது, வரட்டும் என்று மூடி வைத்துவிட்டேன். அதே தப்பு, ஏழு வருஷம் கழித்தும் கொஞ்சமும் மாறாமல். "அவரு இன்னும் டிக்கெட் போடல அத்தே" என்று சுகந்தி சொல்லித்தான் எனக்கு உறைத்தது. பாக்கலாமா என்று நீ கேட்கும்படி உன்னை வைத்துவிட்டேனே அப்பு. உன் வீட்டுக்கு வர நீ என்னிடம் அனுமதி கேட்கிறாய். உன்னிடம் இதைச் சொல்லிவிடும்படி அவளிடம் கேட்டதற்கு, "நான் சொல்ல மாட்டேன். நீங்களே எழுதுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கெட்டிக்காரப் பெண். உனக்கு வாய்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், இதையும் நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் அம்மாவாக ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் அமைதியை அடுத்தவர் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எப்போதும் நம்பாதே. சுகந்தியிடமும் சரி, நாளைக்குப் பிறக்கப் போகிற பிள்ளையிடமும் சரி, பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்து சொல். இந்த விஷயத்தில் நீயும் என் பிள்ளைதான், அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீயும் மழையைத்தான் விசாரித்தாய். இதற்கு நீ பதில் எழுதாமல் இருக்கலாம், கோபம் இருக்கும், இருக்க வேண்டியதுதான். அதற்கு நானாக ஓர் அர்த்தம் வைத்துக்கொள்ள மாட்டேன். மறுபடியும் எழுதுவேன். அதற்கும் பதில் வராவிட்டால் அதற்கு மறுநாளும் எழுதுவேன்.

நீ அமைத்துக் கொடுத்த அந்த வரியை இன்றைக்கு மதியம் என் மெயிலிலிருந்து எடுத்துவிட்டேன். எங்கே போய் எடுப்பது என்று சுகந்தியைக் கேட்கவில்லை, நானே தேடிக் கண்டுபிடித்தேன். அது நின்ற இடத்தில், நீ அன்றைக்குக் கேட்ட ஒரு வரியை எழுதுகிறேன்.

எனக்குச் சம்மதம் அப்பு, ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வாங்க.

அம்மா